வேலை போச்சு, சொக்சோ மனு தள்ளுபடி: மேல்முறையீடா, புகாரா, அடுத்த வேலையா?

கெடா மாநிலத்தில் கோலக்கெட்டில், பாடாங் செராய், லூனாஸ் என்கிற ஊர்கள் பக்கம் இருக்கிற நம் ஆட்களில் தோட்டத்தில் இன்னும் பழம் வெட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். பிள்ளைகள் பெரும்பாலும் கூலிமுக்கோ சுங்கைப்பட்டாணிக்கோ பஸ் ஏறித் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். வேலை எதுவாக இருந்தாலும் அது போகிற அன்று நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். ஆபீசுக்குக் கூப்பிடுவார்கள், ஒரு தாளை நீட்டுவார்கள், "இங்கே ஒரு கையெழுத்து" என்பார்கள். அந்தத் தாளில் எழுதியிருக்கும் ஒரு வாக்கியம்தான் சொக்சோவில் (சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில்) பணம் கிடைக்குமா, தொழிலாளர் இலாகாவில் இழப்பீடு கேட்க முடியுமா என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது. அதைச் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, மனு தள்ளுபடியான பிறகு அதே கவுண்டருக்கு நடையாய் நடந்து, மற்ற வழிகளுக்கு இருந்த காலக்கெடு எல்லாம் முடிந்த பிறகு வந்து கேட்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்று ஒப்பிட்டுச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. இதில் சொல்வதெல்லாம் தீபகற்ப மலேசியாவுக்கு, தனியார் துறையில் வேலை செய்யும் உள்நாட்டுத் தொழிலாளிக்கு.

முதலில் சொக்சோ. பெர்க்கேசோ என்றும் சொல்வார்கள், இரண்டும் ஒன்றுதான். விபத்துக்கும் முடமானவர்களுக்கும் கொடுக்கும் பழைய சொக்சோ தனி, வேலை போனவர்களுக்குக் கொடுக்கும் இது தனி. வேலை காப்புறுதித் திட்டம் என்று 2017-இல் சட்டம் போட்டு (சட்டம் 800), 2018 ஜனவரியிலிருந்து சம்பளத்தில் பிடிக்க ஆரம்பித்தார்கள். சம்பளச் சிலிப்பில் எஸ்ஐபி அல்லது இஐஎஸ் என்று ஒரு சின்னத் தொகை இருக்கும். நீங்கள் 0.2 விழுக்காடு, முதலாளி 0.2 விழுக்காடு. 1,700 வெள்ளி (ரிங்கிட்) சம்பளக்காரருக்கு மாதம் மூன்று வெள்ளி சொச்சம். பலர் அதைக் கவனிப்பதே இல்லை, ஆனால் வேலை போனால் அந்த மூன்று வெள்ளிதான் பேசும்.

கிடைக்கிற முக்கியமான உதவி வேலை தேடும் படிநிதி. சட்டத்தில் எழுதியிருக்கிற விகிதம் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களுக்கு 40, ஐந்தும் ஆறும் 30. எத்தனை மாதம் கிடைக்கும் என்பது எவ்வளவு காலம் சந்தா கட்டியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது, குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஆறு. 1,700 வெள்ளிக்காரர் ஆறு மாதமும் வாங்கினால் எல்லாம் சேர்த்து 4,500 வெள்ளிப் பக்கம் வரும், மூன்று மாதம் மட்டும் என்றால் 2,800 பக்கம். அட்டவணை வைத்துக் கணக்குப் போடுவதால் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் மனு போட வேண்டும். இணையத்திலும் போடலாம், சுங்கைப்பட்டாணி அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம்.

சரி, யாருக்குக் கிடைக்காது? சொந்தமாக ராஜினாமா செய்தவருக்கு, ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கு, ஒப்பந்தக் காலம் முடிந்து போனவருக்கு, ஓய்வு பெற்றவருக்கு, இரு தரப்பும் நிபந்தனை எதுவும் இல்லாமல் பேசிப் பிரிந்துகொண்டதாக எழுதிக் கொடுத்தவருக்கு. கிடைப்பது யாருக்கு என்றால் ஆட்குறைப்பு, கம்பெனி மூடல், விருப்பப் பணிநிறுத்தத் திட்டம் என்கிற விஎஸ்எஸ், வெள்ளம் போன்ற பேரிடரால் மூடியது, முதலாளி வேலை நிபந்தனையையே உடைத்து ஆளை வெளியே தள்ளியது. பாலியல் தொல்லையாலோ மிரட்டலாலோ விலகினவர்களும், தன் வேலையில் சேராத ஆபத்தான வேலையைச் செய்யச் சொன்னதால் விலகினவர்களும் இதில் வருவார்கள். இந்தக் கடைசி இரண்டையும் நம் ஆட்கள் கேட்பதே இல்லை, "நான்தானே லெட்டர் கொடுத்தேன்" என்று விட்டுவிடுகிறார்கள்.

இப்போது முதல் முடிவு. சொக்சோவுக்கெல்லாம் முன்னால் வருவது. ஆபீசில் நீட்டுகிற ராஜினாமா தாளில் கையெழுத்துப் போட்டு, கையில் கொடுக்கும் பணத்தை வாங்கிக்கொண்டு போவதா, இல்லை "ஆட்குறைப்பு என்று எழுதிக் கொடுங்கள்" என்று நிற்பதா?

எட்டு வருடம் வேலை செய்தவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம், சம்பளம் 1,700. மேனேஜர் சொல்கிறார், "நீங்களாகவே விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுங்கள், உடனே ஒரு மாதச் சம்பளம் சேர்த்துத் தருகிறேன், பெயரும் கெடாது." கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் 1980-ஆம் ஆண்டு பணிநீக்க இழப்பீட்டு விதிகளின்படி ஆட்குறைப்பு என்றால் இரண்டு வருடத்துக்குக் குறைவான சேவைக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்துக்குள் 15 நாள், ஐந்து வருடமும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். நம்மாளுக்கு எட்டு வருடம், வருடத்துக்கு 20 நாள், ஆக 160 நாள் சம்பளம். வருடச் சம்பளத்தை 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 55 வெள்ளி சொச்சம், மொத்தம் 8,900 வெள்ளிக்குப் பக்கம். முன்னறிவிப்பு ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு எட்டு வாரம், அது தராமல் அனுப்பினால் அந்த எட்டு வாரச் சம்பளமும் சேரும், வேலை ஒப்பந்தத்தில் அதைவிடக் குறைவாக எழுதியிருந்தாலும் ஆட்குறைப்பு என்றால் எட்டு வாரத்துக்குக் குறையக்கூடாது. அதற்கு மேல் சொக்சோ படிநிதி. ராஜினாமா என்று கையெழுத்துப் போட்ட மாத்திரத்தில் இது மூன்றுமே போய்விடும், கையில் இருப்பது அந்த ஒரு மாதச் சம்பளம் மட்டும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினால் போதும், யாரும் அந்த ராஜினாமாவில் கையெழுத்துப் போட மாட்டார்கள். எழுதிக் காட்ட அங்கே யாரும் இருப்பதில்லை, அதுதான் குறை.

தோட்டத்தில் இன்னொரு அழுத்தமும் உண்டு, வீடு. வேலை போனால் லயத்து வீட்டையும் விட வேண்டும் என்பதால், "ஒத்துழைத்துப் போனால் வீட்டில் கொஞ்ச நாள் இருக்கலாம்" என்று சொன்னதும் மனம் இளகிவிடும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வயதான அம்மா, சாமான்கள், எல்லாம் அந்த வீட்டில். அதனால் கையெழுத்துப் போட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வீட்டைக் காலி செய்ய அவகாசம் கேட்பதும் ராஜினாமா எழுதித் தருவதும் வேறு வேறு விஷயம், இரண்டையும் ஒரே தாளில் கட்டிக் கொடுத்தால் "வீட்டு விஷயத்தைத் தனியாக எழுதிக் கொடுங்கள், இதை நான் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் அன்றைக்கே கிளைத் தலைவரைப் பிடியுங்கள். 1954-இலிருந்து இருக்கிற சங்கம், இந்த மாதிரித் தாள்களை அவர்கள் எத்தனையோ பார்த்திருப்பார்கள்.

மனு போட்டாச்சு, தள்ளுபடி ஆகிவிட்டது. இனி என்ன? இங்கேதான் மூன்று வழி பிரிகிறது.

ஒன்று, சொக்சோவிலேயே மறுபரிசீலனை கேட்பது, அதிலும் திருப்தி இல்லை என்றால் சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியம் வரைக்கும் போவது. எதற்குள் கேட்க வேண்டும் என்பதை முடிவுக் கடிதத்தில் பார்த்து அன்றே நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வழி நல்லது எப்போது என்றால், தள்ளுபடிக்குக் காரணம் தாளில் உள்ள தவறாக இருக்கும்போது. முதலாளி தவறான காரணத்தை நிரப்பி அனுப்பியிருக்கலாம், ஆட்குறைப்புக் கடிதம் உங்களிடம் இருந்தும் இணைக்காமல் விட்டிருக்கலாம், சந்தா பிடித்தும் கட்டாமல் விட்டிருக்கலாம். முதல் தடவை மனு போடுகிறவருக்குக் கடைசி 24 மாதத்தில் 12 மாதச் சந்தா இருக்க வேண்டும். சிலிப்பில் பிடித்திருந்து பதிவில் இல்லை என்றால் அது முதலாளி செய்த குற்றம், சிலிப்புகளைக் காட்டுங்கள். இதுபோன்ற மனுக்களில் மறுபரிசீலனைதான் சுருக்கமான வழி, செலவில்லை, வக்கீல் தேவையில்லை, சரியான தாள் ஒன்று போதும். அதனால்தான் சம்பளச் சிலிப்புகளை வருடக்கணக்கில் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கும் அக்காக்களை நான் மதிக்கிறேன்.

மறுபரிசீலனைக் கடிதத்தில் வீட்டுக் கஷ்டத்தை மட்டும் எழுதிப் பலனில்லை. "மூன்று பிள்ளைகள், வாடகை கட்டணும்" என்று இரண்டு பக்கம் எழுதி எடுத்து வருகிறார்கள், எல்லாம் உண்மைதான், படிக்கையில் மனசு கனக்கும். ஆனால் அதிகாரி பார்ப்பது வேலை எப்படிப் போனது என்பதை. எந்தத் தேதியில் யார் என்ன சொன்னார், எந்தத் தாள் கொடுத்தார்கள், உங்களோடு வேறு யாரெல்லாம் நிறுத்தப்பட்டார்கள், உங்கள் வேலையை அதன் பிறகு யாராவது செய்கிறார்களா, வாட்சாப்பில் சூப்பர்வைசர் அனுப்பிய செய்தி இருக்கிறதா, இதைத் தேதி வரிசையில் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். மலாயில் எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் எழுதச் சொல்லுங்கள், ஆனால் சம்பவத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வழி 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு. "என்னை நியாயமான காரணம் இல்லாமல் நீக்கிவிட்டார்கள், மீண்டும் வேலையில் சேர்க்க வேண்டும்" என்று தொழில் உறவு இலாகாவில் கொடுக்கும் மனு. இதற்கும் 60 நாள்தான், நீக்கப்பட்ட நாளிலிருந்து. சொக்சோ 60 நாளும் இந்த 60 நாளும் ஒரே நாளில் ஓட ஆரம்பிக்கின்றன, ஆனால் ஒன்றுக்காகக் காத்திருந்தால் மற்றது நிற்காது. சொக்சோ மனுவை ஒன்றரை மாதம் கழித்துப் போட்டு, தள்ளுபடிக் கடிதம் வர மூன்று வாரம் ஆகி, அப்புறம் யாரோ சொல்லி 20-ஆம் பிரிவுக்கு ஓடினால் கதவு மூடியிருக்கும். இதில் என் கருத்து கறாரானது. உங்களை நீக்கிய காரணம் பொய் என்று உறுதியாகத் தெரிந்தால், சொக்சோ முடிவுக்குக் காத்திருக்காமல் 20-ஆம் பிரிவு மனுவைக் கொடுத்துவிடுங்கள். கட்டணம் இல்லை. முதலில் சமரசப் பேச்சுதான், சங்க அதிகாரி உங்களுக்காக வந்து பேசலாம். அங்கே முடியாவிட்டால் தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்புவார்கள், 2021-க்குப் பிறகு இதற்கு அமைச்சரின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த வழிதான் பொருந்தும் என்கிற ஆட்கள் இருக்கிறார்கள். மிரட்டி ராஜினாமா வாங்கப்பட்டவர், முறையான விசாரணை இல்லாமல் "ஒழுங்கீனம்" என்று எழுதி அனுப்பப்பட்டவர், அப்புறம் ஒப்பந்தத் தொழிலாளி. ஒப்பந்தம் என்பது நம் பக்கத்தில் பெரிய விஷயம். ஒரு வருட ஒப்பந்தம், திரும்ப ஒரு வருடம், திரும்ப ஒரு வருடம் என்று ஏழெட்டு வருடம் ஒரே மெஷினில் நின்றவரை, ஒருநாள் "கொந்திராக் முடிந்தது" என்று அனுப்பிவிடுவார்கள். சொக்சோவைப் பொறுத்தவரை ஒப்பந்தம் முடிந்தது என்றால் உதவி இல்லை, அங்கே மேல்முறையீடு செய்தால் எதிரில் நிற்பது அந்த ஒப்பந்தத் தாள்தான். ஆனால் தொழிலியல் நீதிமன்றம் தாளோடு நிற்காது, உண்மையிலேயே தற்காலிக வேலைதானா, நிரந்தர வேலைக்கு ஒப்பந்தம் என்று பெயர் வைத்திருக்கிறார்களா என்று பார்க்கும். இரு தரப்பின் நோக்கம், முதலாளி நடந்துகொண்ட விதம், அது எப்படிப்பட்ட தொழில் என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று 2020-இல் கூட்டரசு நீதிமன்றமே ஒரு வழக்கில் சொல்லி, அந்தத் தொழிலாளியின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆகவே திரும்பத் திரும்பப் புதுப்பித்த ஒப்பந்தக்காரர் சொக்சோ கவுண்டரில் நேரம் செலவழிப்பதை விட 20-ஆம் பிரிவில் நிற்பது மேல் என்பேன்.

குறையும் சொல்லியாக வேண்டும். நீதிமன்றம் வரை போனால் நாளாகும், சில நேரம் வருடத்தைத் தாண்டும். வென்றால் பழைய சம்பளம் அதிகபட்சம் 24 மாதத்துக்கு, வேலைக்குப் பதில் இழப்பீடும் தரலாம், ஆனால் இடையில் வேறு வேலையில் சம்பாதித்ததைக் கணக்கில் எடுத்துக் குறைப்பார்கள். இந்த மாத அரிசிக்கு இதை நம்பக்கூடாது.

மூன்றாவது வழி தொழிலாளர் இலாகா, ஜேடிகே. இங்கே கேள்வி "நீக்கியது நியாயமா" என்பதல்ல, "தர வேண்டியதைத் தந்தார்களா" என்பது. முன்னறிவிப்புச் சம்பளம், பணிநீக்க இழப்பீடு, பாக்கிச் சம்பளம், எடுக்காத விடுமுறைப் பணம். வேலை போனதை ஏற்றுக்கொண்டு, கணக்கை மட்டும் தீர்த்துக்கொள்ள நினைப்பவருக்கு இதுதான் நேர் வழி. 4,000 வெள்ளிக்கு மேல் சம்பளம் வாங்குகிறவருக்கு இந்தச் சட்டப்படியான பணிநீக்க இழப்பீடு வராது என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஆனால் ஒரு சிக்கல், பலருக்குத் தெரியாதது. ஒரே தகராறு தொழில் உறவுச் சட்டத்தின் கீழ் நிலுவையில் இருந்தால் தொழிலாளர் இலாகா அதை எடுத்து விசாரிக்க முடியாது, வேலைச் சட்டத்திலேயே 69ஏ பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அதனால் "ரெண்டு பக்கமும் போட்டு வைப்போம், எது வருதோ பார்ப்போம்" என்பது இந்த இரண்டுக்கும் இடையில் ஓடாது. இங்கே நிஜமாகவே தேர்ந்தெடுத்தாக வேண்டும். சொக்சோ மனு இரண்டிலும் சேராதது, அதை எதனோடும் சேர்த்துப் போடலாம்.

எதை எடுப்பது? ஐந்து வருடத்துக்கு மேல் சேவை, கையில் ஆட்குறைப்புக் கடிதம், ஆனால் பணம் தரவில்லை என்றால் ஜேடிகேதான், யோசிக்கவே வேண்டாம். தொகை தெளிவாகக் கணக்குப் போடக்கூடியது, வாதம் குறைவு. இரண்டு மூன்று வருடச் சேவை, ஆனால் நீக்கிய விதம் அநியாயம் என்றால் இழப்பீட்டுத் தொகையே சின்னது, 20-ஆம் பிரிவு பார்க்கலாம். ஆட்குறைப்பே பொய் என்று தோன்றினால், உதாரணமாக உங்களை அனுப்பிவிட்டு அதே வேலையில் வெளிநாட்டுத் தொழிலாளியை வைத்திருந்தால், அதுவும் 20-ஆம் பிரிவுப் பக்கம்தான். ஆட்குறைப்பு செய்யும்போது அதே மாதிரி வேலையில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களை முதலில் நிறுத்தாமல் உள்நாட்டு ஆளை நிறுத்தக்கூடாது என்று வேலைச் சட்டத்தில் 60என் பிரிவு இருக்கிறது. அந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் மேல் கோபப்பட இதில் எதுவும் இல்லை, அவர்களும் நம் தாத்தாமார் மாதிரி கடல் தாண்டி வந்தவர்கள்தான். கேள்வி கேட்க வேண்டியது நிர்வாகத்தை.

தோட்டம் கைமாறும்போது கணக்கு வேறு. பழைய நிர்வாகம் விற்றுவிட்டுப் போகிறது, புதிய நிர்வாகம் ஏழு நாளுக்குள் பழையதை விடக் குறையாத நிபந்தனையில் உங்களைத் தொடர்ந்து வேலைக்குக் கேட்டால், நியாயமான காரணமில்லாமல் மறுத்தவருக்கு இழப்பீடு கிடையாது. "விற்றார்களே, பணம் வரும்" என்று நம்பிப் புது வேலையை மறுத்துவிடாதீர்கள். முதலில் புதிய கடிதத்தில் சம்பளமும் பழைய சேவைக் காலமும் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சேவைக் காலம் புதிதாகத் தொடங்கும் என்று இருந்தால் அது "குறையாத நிபந்தனை"யா என்று ஜேடிகேயில் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவது. பலர் செய்வது இதுதான், ஏஜெண்டு வண்டி வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது, யார் வேண்டாம் என்பார்கள். அதில் தப்பே இல்லை, ஆனால் போகிற முன் சொக்சோ மனுவைப் போட்டுவிட்டுப் போங்கள். மனு ஏற்கப்பட்டு, படிநிதி முடிவதற்குள் வேலை கிடைத்தால் மீதியில் 25 விழுக்காட்டை முன்கூட்டியே வேலைக்குத் திரும்பியதற்காகத் தருவார்கள் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆறு மாதத் தகுதி உள்ள 1,700 வெள்ளிக்காரர் முதல் மாதம் வாங்கிவிட்டு வேலைக்குச் சேர்ந்தால் அது 800 வெள்ளிப் பக்கம். கனரக வண்டி லைசென்ஸோ வெல்டிங்கோ படிக்க நினைக்கிற இளவட்டங்களுக்கு அதே மனுவின் வழியாகப் பயிற்சிக் கட்டணமும் கேட்கலாம். இதையெல்லாம் விட்டுவிட்டு முதல் வாரமே இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) ஃப்ளெக்சிபல் கணக்கைத் துடைத்து எடுப்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அது உங்கள் சொந்தக் காசு, எப்போதும் அங்கேயே இருக்கும். சொக்சோ உதவிக்குத்தான் 60 நாள் கெடு.

ஆக, கடிதம் கையில் வந்த வாரத்திலேயே ஐசி (அடையாள அட்டை), கடிதம், கடைசி சில மாதச் சிலிப்புகள், வங்கிக் கணக்கு எண், எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொண்டு முதலில் சொக்சோவுக்குப் போய் மனுவைப் போடுங்கள், இணையத்தில் போட்டால் வேலை தேடும் பதிவையும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் முடித்துவிடுங்கள். அதே பயணத்தில் ஜேடிகேயில் உங்கள் இழப்பீட்டுத் தொகையைக் கணக்குப் போட்டுத் தரச் சொல்லுங்கள், ஆனால் புகார் பாரத்தில் உடனே கையெழுத்து வேண்டாம். வீட்டுக்கு வந்து அந்தத் தொகையையும் நீக்கிய காரணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஜேடிகேயா 20-ஆம் பிரிவா என்று முப்பது நாளுக்குள் முடிவு பண்ணுங்கள். சொக்சோ தள்ளுபடி செய்தால் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு உடனே சங்கத்திடமோ விஷயம் தெரிந்த ஒருவரிடமோ போங்கள். காரணம் என்று எழுதியிருக்கும் அந்த ஒரு வரியை அவருக்குக் காட்டிவிட்டு, அதற்குப் பதில் சொல்லும் தாள் உங்களிடம் எது இருக்கிறது என்று சேர்ந்து தேடுங்கள்.